வால்வு மூடியதும் போர்டு ரீசெட் ஆகிறதா? வீட்டு நீர்ப்பாசனக் கன்ட்ரோலரில் மின் இரைச்சலைத் தேடும் வழி

2024 மார்ச்சில் ஒரு விடியற்காலை. மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டிலேயே கால் நனைந்தது. ஆயிரம் லிட்டர் டேங்க் காலி. தக்காளியும் கத்தரியும் வைத்திருந்த குரோ பேக்குகள் சேறாகக் குழைந்து கிடந்தன. போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிக்காகப் பெங்களூரில் தெருத்தெருவாக ஆட்கள் காத்துக் கிடந்த கோடை அது. இரவில் வால்வைத் திறந்த கன்ட்ரோலர், மூட வேண்டிய நேரத்தில் ஹேங் ஆகி நின்றிருக்கிறது. புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் வரிவரியாகப் பார்த்தேன். கடைசியில் தப்பு வயரிங்கில் இருந்தது: அதன் வழியே மின் இரைச்சல், அதாவது வேண்டாத மின் துடிப்புகள், போர்டுக்குள் புகுந்திருக்கிறது.

அதன் பிறகு அல்சூர், கம்மனஹள்ளி, ஹொரமாவு பக்கத்து நண்பர்கள் வீடுகளில் இதே மாதிரி ஐந்தாறு பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு: மூளையாக ஒரு ஈ.எஸ்.பி.32 அல்லது ஆர்டுயினோ போர்டு (சின்னக் கணினி), நான்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஒரு மாட்யூல், 12 வோல்ட் டி.சி. அல்லது 24 வோல்ட் ஏ.சி. வால்வுகள், ஒரு ஃப்ளோ மீட்டர், இரண்டு மூன்று மண் ஈர சென்சார், சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டார். கோளாறுகளும் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகும்படி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கும், அதைப் போட்டு நிறுத்தும் பெரிய ரிலேவான கான்டாக்டருக்கும் போவது 230 வோல்ட். அந்தப் பக்கத்தைத் தொடுவதற்கு முன் எம்.சி.பி.யை இறக்குங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலைக்கு முன் அதைப் போடுங்கள். ஈரமான மொட்டை மாடியில் மின்சாரத்தோடு வேலை செய்கிறோம். பழக்கம் இல்லாதவர்கள் 230 வோல்ட் பக்கத்தை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே சரி.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் தேதி, மணி, அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடியது என்பதை எழுதுங்கள். மோட்டார், மிக்ஸி, வாஷிங் மெஷின், கரன்ட் போய் வந்தது, இடி, எதுவானாலும். ஒரு வாரத்துக் குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம், புரோகிராமில் இரண்டு சின்னச் சேர்க்கை. ஒன்று, நொடிக்கு ஒருமுறை மினுக்கும் ஒரு எல்.இ.டி. போர்டு உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். இரண்டு, ரீசெட் ஆன காரணத்தைப் பதிவு செய்வது. ஈ.எஸ்.பி.32 தான் எதனால் மறுபடி கிளம்பியது என்பதை நினைவில் வைத்திருக்கும். போர்டு எழுந்தவுடன் அதைப் படித்துச் சேமித்துக்கொள்ளலாம். பிரௌன்-அவுட் என்று வந்தால் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. வாட்ச்டாக் என்று வந்தால் புரோகிராம் எங்கோ சிக்கி நின்றிருக்கிறது. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கெப்பாசிட்டர், ஃபெரைட் (வயரில் மாட்டும் இரைச்சல் அடக்கி), புது அடாப்டர் மூன்றையும் ஒரே நாளில் போட்டுக் கோளாறு நின்றால், எது நிறுத்தியது என்று தெரியாது. மழைக்காலத்தில் அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: வால்வு இயங்கும் நொடியில் போர்டு ரீசெட் ஆகிறது, அல்லது ஹேங் ஆகிறது

நான் அதிகம் பார்த்தது இதைத்தான். முதல் கேள்வி, வால்வு திறக்கும்போதா, மூடும்போதா? பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் பதில் முழுக்க இதில்தான் இருக்கிறது.

திறக்கும்போது என்றால் பெரும்பாலும் கரன்ட் போதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீல நிற 5 வோல்ட் ரிலே ஒன்று சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும். நான்கும் சேர்ந்து இழுத்தால் 280. வைஃபை அனுப்பும் கணத்தில் ஈ.எஸ்.பி.32 மட்டும் சுமார் கால் ஆம்பியர் கேட்கும். இரண்டையும் கூட்டினால் அரை ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் கிடந்த பழைய 500 மில்லி ஆம்பியர் போன் சார்ஜர் இதைத் தாங்காது. நல்ல 2 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். ரிலே மாட்யூலின் 5 வோல்ட் முனையிலேயே 1000 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றும், ஈ.எஸ்.பி.க்கு ஒட்டினாற்போல 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் வையுங்கள். செராமிக்கின் மேல் 104 என்று எழுதியிருக்கும். இரண்டும் சேர்த்து டீ செலவுதான். 24 வோல்ட் ஏ.சி. வால்வு வைத்திருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: திறக்கும் கணத்தில் அது, திறந்த பிறகு எடுப்பதைவிட அதிகக் கரன்ட் இழுக்கும். டிரான்ஸ்பார்மர் சின்னதாக இருந்து, அதே டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் போர்டுக்கும் 5 வோல்ட் எடுத்திருந்தால், திறக்கும்போதெல்லாம் போர்டு தடுமாறும்.

மூடும்போது என்றால் விஷயம் வேறு. வால்வுக்குள் இருப்பது ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். அதில் ஓடிக்கொண்டிருக்கும் கரன்டைத் திடீரென்று வெட்டினால் காயில் சும்மா விடாது. அந்தக் கரன்டைத் தொடர்ந்து ஓட்டுவதற்காகத் தன் முனைகளில் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். 12 வோல்ட் வால்வுதானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணத்தில் சில நூறு வோல்ட் வரும். ரிலே கான்டாக்ட் நடுவே தெரியும் சின்ன நீலப் பொறி அதன் அடையாளம். அந்தப் பொறி ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. வால்வுக்குப் போகும் பத்துப் பதினைந்து மீட்டர் வயர் அதற்கு ஏரியலாகிவிடுகிறது.

இதை உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. ரிலேவின் வெளிப்பக்கத்திலிருந்து வால்வு வயர்களைக் கழற்றிவிட்டு, ரிலேக்களை மட்டும் ஐம்பது முறை டிக் டிக் என்று இயக்குங்கள். போர்டு அசையாமல் ஓடினால், குற்றவாளி வால்வின் காயில். அப்போதும் ரீசெட் ஆனால் மேலே சொன்ன கரன்ட் கணக்குக்குத் திரும்புங்கள்.

டி.சி. வால்வுக்கு மருந்து, கரன்டை ஒரே திசையில் விடும் ஒரு டையோடு. 1என்4007 போதும். வால்வின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே, வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸில் வரும்படி இணைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் நேரே ஷார்ட். இதைப் பெட்டிக்குள் போடாமல் வால்வின் அருகிலேயே போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். பெட்டிக்குள் போட்டால், காயில் விடும் கரன்ட் பதினைந்து மீட்டர் வயர் முழுவதும் சுற்றி வந்த பிறகே அடங்கும். வால்வின் வாயிலேயே போட்டால் அது அங்கேயே சுற்றித் தீர்ந்துவிடும். டையோடை சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, மழை படாமல் மூடிவிடுங்கள்.

24 வோல்ட் ஏ.சி. வால்வுக்கு டையோடு போடவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் அது ஷார்ட்டாக நிற்கும். டையோடோ டிரான்ஸ்பார்மரோ புகைந்துவிடும். கம்மனஹள்ளியில் ஒரு வீட்டில் அப்படிக் கருகிய டிரான்ஸ்பார்மரைப் பார்த்தேன். ஏ.சி.க்கு வேண்டியது அந்த உதையை உறிஞ்சும் ஸ்னப்பர்: 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாக, வால்வின் குறுக்கே. அல்லது 30 வோல்ட் ஏ.சி. தாங்கும் எம்.ஓ.வி. (வோல்டேஜ் அளவு மீறினால் அதை உறிஞ்சும் பாகம்) ஒன்று. 24 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 34 வோல்ட் என்பதால், அதற்குக் கீழே வேலை செய்யத் தொடங்கும் எம்.ஓ.வி.யை வாங்கினால் அது எப்போதும் சூடாகவே இருக்கும்.

வயரையும் மாற்றுங்கள். வால்வுக்குப் போகும் இரண்டு வயர்களும் தனித்தனியாகத் தொங்கினால் நடுவில் பெரிய வளையம் உருவாகும். ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் போகும் கரன்டும் வரும் கரன்டும் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். கையால் முறுக்கினாலே வித்தியாசம் தெரியும்.

கடைசியாக ரிலே மாட்யூலைக் கவனியுங்கள். அதில் இரண்டு பக்கத்தையும் ஒளியால் மட்டும் இணைக்கும் ஆப்டோகப்ளர் இருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறோம். ஆனால் ஜேடி-விசிசி என்ற முனையை விசிசி-யோடு சேர்த்து ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். அது இருக்கும்வரை இரண்டு பக்கமும் ஒரே கரன்டில் ஓடுகின்றன, பிரிவு பெயருக்குத்தான். ஜம்பரைக் கழற்றுங்கள். ஜேடி-விசிசி-க்கும் அதன் கிரவுண்டுக்கும் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். கன்ட்ரோலரிலிருந்து விசிசி-யும் சிக்னல் வயர்களும் மட்டும் போகட்டும். இரண்டு கிரவுண்டையும் எங்கும் சேர்க்காதீர்கள். மார்ச் மாதத்து என் கோளாறில், டையோடு பாதி தீர்த்தது. மீதியைத் தீர்த்தது இந்த ஜம்பர்.

பாகங்களுக்குப் பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போகிறவர்கள், 230 வோல்ட் பக்கத்துக்கு வாங்கும் கெப்பாசிட்டரில் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏ.சி. என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், பெரும்பாலும் மஞ்சள் நிறம். அச்சு இல்லாத உதிரி கெப்பாசிட்டரை மெயின்ஸில் போட வேண்டாம். பழுதானால் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டதுதான் எக்ஸ்2.

அறிகுறி: மோட்டார் ஓடி நிற்கும்போது எல்.சி.டி.யில் பூச்சி பூச்சியாக எழுத்து

முதலில் அந்த மினுக்கும் எல்.இ.டி.யைப் பாருங்கள். அது தொடர்ந்து மினுக்கினால் போர்டு நன்றாக இருக்கிறது, எல்.சி.டி. மட்டும் குழம்பியிருக்கிறது. அதைப் போர்டோடு இணைக்கும் ஐ2சி வயர்கள் நீளத்தை விரும்பாதவை. பெட்டியின் கதவில் டிஸ்ப்ளே வைப்பதற்காக ஒரு மீட்டர் ரிப்பன் வயர் இழுத்து, அதைக் கான்டாக்டர் மேலேயே மடித்து வைத்திருப்பார்கள். இருபது சென்டிமீட்டருக்குக் குறைத்து, பெட்டியின் மறு ஓரமாகக் கொண்டு போங்கள். டிஸ்ப்ளேயின் பின்னால் 104 ஒன்று சேருங்கள்.

கான்டாக்டர் காயிலுக்கும் ஸ்னப்பர் வேண்டும்: 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2. காயிலின் குறுக்கே போடுங்கள். கான்டாக்டரை இயக்கும் ரிலேவின் கான்டாக்ட் குறுக்கே போட்டால், ரிலே திறந்திருக்கும்போதும் கெப்பாசிட்டர் வழியாகச் சுமார் 7 மில்லி ஆம்பியர் கசியும். சின்னக் கான்டாக்டர் சில அந்தக் கசிவிலேயே விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும், அல்லது உறுமும். மோட்டார் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை எல்.சி.டி.யை மறுபடி தொடங்கும்படி புரோகிராம் எழுதுவது பலர் செய்யும் சமாளிப்பு. எழுத்து சரியாகிவிடும், ஆனால் இரைச்சல் அங்கேயே இருக்கும். நாளை அது சென்சாரைப் பிடிக்கும்.

அறிகுறி: பவர் வந்தவுடன் ரிலே தானாகவே ஒருமுறை டிக் என்கிறது

இது இரைச்சல் இல்லை. போர்டு எழும் கணத்தில் சில பின்கள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும், சில தாமாகவே மாறும். ஈ.எஸ்.பி.32-இல் 0, 2, 12, 15 ஆகிய பின்களை ரிலேவுக்குக் கொடுக்காதீர்கள். லோவில் (சிக்னல் பூஜ்ய வோல்ட்டுக்கு இறங்கும்போது) இயங்கும் மாட்யூல் என்றால், சிக்னல் பின்னிலிருந்து போர்டின் 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்று போட்டால் அடங்கிவிடும்.

அறிகுறி: தண்ணீரே ஓடவில்லை, ஃப்ளோ மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கிறது

ஒய்.எஃப்-எஸ்201 போன்ற அரை அங்குல மீட்டர் லிட்டருக்குச் சுமார் 450 துடிப்பு தரும். இரவு முழுவதும் வால்வு மூடியிருந்தும் காலையில் 12 லிட்டர் என்று காட்டினால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்த் துடிப்புகள் எங்கிருந்தோ வந்திருக்கின்றன.

மீட்டர் முனையில் மட்டும் கழற்றிவிட்டு வயரை அப்படியே விடுங்கள். எண்ணிக்கை தொடர்ந்தால் வயர்தான் வாங்கிக் கொடுக்கிறது. போர்டு முனையிலும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் எண்ணினால் பின் மிதக்கிறது. இங்கே ஒரு தடுக்கல் உண்டு, நானே இதில் ஒரு வாரம் இழந்தேன்: ஈ.எஸ்.பி.32-இல் 34 முதல் 39 வரையான பின்களுக்கு உள்ளே புல்-அப் (பின்னை மிதக்கவிடாமல் மேல் வோல்டேஜில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. புரோகிராமில் புல்-அப் கேட்டாலும் அது வராது. வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்குப் போடுங்கள். மீட்டரின் துடிப்பு 5 வோல்ட் அளவில் வந்தால் நேராகப் பின்னில் கொடுக்காமல் இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்துக் கொடுங்கள்.

வடிகட்டியாக 1 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் பின்னுக்கு அருகில் போதும். மென்பொருளிலும் இங்கே நியாயமாக வடிகட்டலாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால்கூட நொடிக்கு 225 துடிப்புதான். இரண்டு துடிப்புக்கு நடுவே 4 மில்லி செகண்டுக்கு மேல் இடைவெளி இருக்கும். ஆகவே 2 மில்லி செகண்டுக்குள் வரும் அடுத்த துடிப்பு உண்மையாக இருக்க முடியாது, அதை ஒதுக்கிவிடலாம்.

எண்ணிக்கை மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் ஏறினால் குழாயையும் சந்தேகியுங்கள். குழாயில் அடைபட்ட காற்று மீட்டரின் சக்கரத்தை நிஜமாகவே சுழற்றும். அதை எந்தக் கெப்பாசிட்டரும் நிறுத்தாது.

அறிகுறி: மண் ஈரத்தின் அளவு குதிக்கிறது

ஈ.எஸ்.பி.32-இல் வைஃபை ஓடும்போது, வோல்டேஜை அளக்கும் பின்களில் ஏ.டி.சி.2 என்ற தொகுதியில் சென்சாரைப் படிக்க முடியாது. சென்சாரை 32 முதல் 39 வரையான பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். மீதிப் பேர், படிப்பதை 20 மில்லி செகண்டுக்குப் பரப்பிச் சராசரி எடுங்கள். நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். ஒரு முழுச் சுற்று 20 மில்லி செகண்ட். முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் மேலே போனதும் கீழே வந்ததும் சமமாகி, மெயின்ஸிலிருந்து ஏறும் ஹம் கழன்றுவிடும். வால்வோ மோட்டாரோ மாறும் நேரத்தில் படிக்க வேண்டாம். ஐந்து நொடி பொறுத்துப் படியுங்கள். டி.எஸ்.18பி20 வெப்பமானி திடீரென 85 டிகிரி என்றால், அதற்குக் கரன்ட் ஒரு கணம் போய் வந்து, அளக்காமலேயே படித்திருக்கிறீர்கள். 85 அது எழும்போது வைத்திருக்கும் எண். மைனஸ் 127 வந்தால் வயர் விட்டுப்போயிருக்கிறது.

அறிகுறி: எப்போதோ ஒருமுறை, காரணமே தெரியாமல்

சரியாக 49 நாள், 50 நாள் கழித்துத்தான் குழம்புகிறது என்றால் இரைச்சலைத் தேட வேண்டாம். மில்லி செகண்டை எண்ணும் 32 பிட் எண் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. நேரத்தை ஒப்பிடும் வரியில்தான் தப்பு.

மற்றபடி ஒரு பழைய ஏ.எம். ரேடியோ நல்ல துணை. மீடியம் வேவில், எந்த நிலையமும் கேட்காத இடத்தில் வைத்து, வயர்களின் ஓரமாகக் கொண்டு போங்கள். பொறி பறக்கும் ரிலே ‘டக்’ என்று கேட்கும். மட்டமான அடாப்டர் தேனீக்கூடு மாதிரி இரையும். எனக்கு ஆசிலோஸ்கோப் இல்லாத காலத்தில் இதுதான் காது கொடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடி இறங்கும்போது மட்டும், மாடியிலிருந்து வரும் வயர்களின் கனெக்டரைக் கழற்றிவிடுகிறேன். அருகில் விழும் இடியை நிறுத்தும் பலம் வீட்டுக்குள் போடும் எம்.ஓ.வி.க்குக் கிடையாது.

ஹொரமாவில் ஒரு தம்பி, தருமபுரிக்காரர், அம்மாவோடு இருக்கிறார். “அண்ணா, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், மறுபடியும் ரீசெட் ஆகுது” என்று கூப்பிட்டார். நோட்டில் பன்னிரண்டு நாள் குறிப்பு இருந்தது. படித்துப் பார்த்தபோது, கோளாறு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவர் தெருவில் காவேரித் தண்ணீர் வருவதும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனால் தண்ணீர் வருவது விடியற்காலையில், ரீசெட் ஆவது இரவு ஏழு மணிக்கு மேல். அங்கேதான் குழம்பினோம். அவர் அம்மா சமையலறையிலிருந்து சொன்னார்: “சம்ப்பு நிறைஞ்ச அன்னைக்கு, சாயந்திரம் விளக்கேத்திட்டுத்தான் நான் மோட்டார் போடுவேன். போட்டு நிறுத்தும்போது டிவி கூட ஒரு மினுக்கு மினுக்கும்பா.” மோட்டாருக்கென்று கீழ்த்தளத்தில் தனி சுவிட்ச் இருந்தது. கன்ட்ரோலருக்கு அந்த மோட்டாரோடு சம்பந்தமே இல்லை என்று தம்பி நினைத்திருந்தார்.

மறுநாள் பி.வி.சி. பைப்பைத் திறந்து பார்த்தோம். மோட்டாரின் மூன்று வயர்களோடு ஃப்ளோ மீட்டரின் வயரும் வால்வு வயரும் ஒரே பைப்பில், மூன்று மாடி உயரத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. சிக்னல் வயர்களை வெளியே இழுத்து, இரண்டு அடி தள்ளித் தனிப் பைப்பில் போட்டோம். எலெக்ட்ரீஷியன் மோட்டார் முனையில் எக்ஸ்2 ஸ்னப்பர் ஒன்றைப் பொருத்தினார். அடாப்டரை மோட்டாரின் லைனிலிருந்து விளக்கு லைனுக்கு மாற்றினோம். ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில்தான் செய்தோம். பைப் மாற்றிய அன்றே ரீசெட் நின்றுவிட்டது, ஃப்ளோ மீட்டரின் பொய் எண்ணிக்கை ஸ்னப்பர் போட்ட பிறகு நின்றது.

கடைசி நாள் மாலை, அம்மாவிடம் மோட்டாரைப் பத்து முறை போட்டு நிறுத்தச் சொன்னோம். தம்பி மாடியில் டிஸ்ப்ளே முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து அம்மா “போட்டாச்சு”, “நிறுத்தியாச்சு” என்று குரல் கொடுக்க, மேலேயிருந்து அவர் “ஜீரோ, ஜீரோ” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.